யாரையும் பயமுறுத்தாத பொதி

இந்தத் தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். பரவாயில்லை, நான் அப்படியே குடித்துவிடுகிறேன். போட்டுக் கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னால் அவள் முகம் வாடிப்போகும். ஒரு கோப்பைத் தேநீருக்காக ஒருவர் மனத்தை நோகடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பெயர் ப்ரசோஜோ. பழகியவர்கள் அண்ணன் முறை வைத்து மஸ் ஜோ என்பார்கள். நீங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருப்பதால், இபு குஸ்ரினி, என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சுகாதார நிலையங்களின் கணினிகளில் ஓடுகிறதே 'கெரிமிஸ்' என்ற இயங்குதளம், அதைச் செய்கிற குழுவில் நான் ஒருவன். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்வதுதான். எங்கெங்கோ யார் யாரோ எழுதும் மென்பொருள்களை வாங்கி, நம் ஜாவா ஊர்க் கணினியில் ஒரே அமுக்கில் ஏறும்படி கட்டி, பொதுக் களஞ்சியத்தில் வைக்கிறோம். அப்படிக் கட்டியதைப் பொதி என்போம். எந்தப் பொதி உள்ளே வரலாம், எது வாசலோடு நிற்கலாம் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. மற்றவர்கள் பயந்து ஒதுங்கிய பொறுப்பு அது. வேண்டாம் என்று சொன்னால் பகை வரும், வேண்டும் என்று சொன்னால் பராமரிப்பு தலையில் விழும்.

வெனிங் அந்த மூலையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு கோபம் தேவையில்லை. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. இதுவரை மறைத்ததும் கிடையாது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெனிங் கோப்பு முறைமையில் வேலை செய்கிறவள். கணினியின் வட்டில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் அடித்தளம் அது. அது தடுமாறினால் மேலே எவ்வளவு நல்ல மென்பொருள் இருந்தாலும் பயனில்லை. கெரிமிஸின் புதிய பதிப்பில் நாங்கள் ஒரு புதிய கோப்பு முறைமையைச் சேர்த்திருந்தோம். நல்ல வேகம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், கையிலிருப்பதை மட்டுமல்லாமல் பழையதையும் சேர்த்து அது விழுங்கிவிடுகிறதோ என்று வெனிங்குக்குச் சந்தேகம்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு. கோப்பு முறைமைகளை எழுதுகிறவர்கள் தங்கள் உபயோகத்துக்கு வைத்திருக்கும் சோதனைக் கருவிகள். வட்டைப் போட்டு வதைத்து, நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கியதுபோல் நடித்து, பிறகு எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும். நூற்றுக்கணக்கான சோதனைகள். முகப்பிலேயே 'நிரலாளர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். அதைப் பொதியாகக் கட்டி எல்லாருக்கும் கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டு வெனிங் எங்கள் கூட்டத்துக்கு வந்தாள்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தள்ளுவண்டிக் கடையில், பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு கையளவு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசுவோம். எங்கள் தலைவர் பாக் ஹர்ஜுனோ ஆரம்பித்தார்.

"நிரலாளருக்கு மட்டும்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்கம்மா. அத ஜனங்க கையில குடுத்தா, குழந்தை கையில அரிவாளக் குடுத்த கதையாயிடும்."

"எங்க அத்தைக்கு கம்ப்யூட்டர்ல சத்தம் கூட்டவே தெரியாது," என்றான் பக்யோ. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான். "அவங்க தெரியாம இத அமுக்கிட்டாங்கன்னு வைங்க. வட்டும் போச்சு, பெருநாளைக்கு எனக்குக் கெடைக்கிற சோறும் போச்சு."

"ஒங்க அத்தைக்கு யாரு குடுக்கச் சொன்னா?" வெனிங்குக்குச் சுருக்கென்று கோபம் வரும். "என் தங்கச்சி மாதிரி ஆளுங்களுக்குக் கேக்குறேன். அவ கரங்சுகோ சுகாதார நிலையத்துல மருத்துவச்சி. மழைக்காலத்துல அங்க கரண்டு போகாத நாளே கெடையாது. எந்தப் பொம்பளைக்கு எந்த ஊசி ஆகாது, யாருக்குப் போன பிரசவத்துல ரத்தம் நிக்கல, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் போகப் போவுது. அவளே இப்ப மாசமா இருக்கா. அவ லீவுல போனா வர்ற புது ஆளுக்கு ஊர்ல யாரத் தெரியும்? மெஷின் சொல்றதுதான தெரியும்? நான் தெனம் மலையேறிப் போயி சோதிக்க முடியுமா, சொல்லுங்க. ஒரு பட்டன அமுக்கினா நல்லதா கெட்டதான்னு தெரியணும். கெட்டதுன்னா பழைய தாளையெல்லாம் பத்திரமா வெச்சுக்குவா. அவ்ளோதான் கேக்குறேன்."

தாள் என்று அவள் சொன்னது நோயாளிகளின் குறிப்புத் தாள்களை. கணினி சோதனையில் தேறியதும் அவற்றை ஒழித்துக் கட்டிவிட வேண்டும் என்று உங்கள் அலுவலகம் அப்போதுதான் ஆணை போட்டிருந்தது, இபு. குறையாகச் சொல்லவில்லை. அலமாரி இடத்தை அடைக்கிறது என்ற உங்கள் வருத்தம் எனக்கும் புரிகிறது.

முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது எங்களுக்கு வராது. எல்லோரும் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பாக் ஹர்ஜுனோ என்னைப் பார்த்தார், பக்யோ என்னைப் பார்த்தான். வெனிங் எழுந்துவந்து ஒரு பை சாலக் பழத்தை என் மடியில் வைத்தாள்.

"மஸ் ஜோ பாத்துக்குவார். எனக்குத் தெரியும்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள், அந்தப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு எப்படி வேண்டாம் என்பது?

வீட்டுக்குப் போய் நன்றாக யோசித்தேன். பாக் ஹர்ஜுனோ சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கருவிகள் பேசும் விதமே கரடுமுரடு. ஒரு சோதனை தோற்றால் பாதித் திரைக்குச் சிவப்பு எழுத்து வரும். நிரலாளர்களுக்கு அது பழகிப்போன விஷயம், அதைப் பார்த்து உற்சாகமாகிறவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் மலைமேல் தனியாக இருக்கும் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் காலையில் கணினியைத் திறந்ததும் திரையெல்லாம் சிவப்பு என்றால் பதறிப்போகமாட்டாளா? வெனிங்கின் மனமும் நோகக்கூடாது, நாஸ்திதியும் பயப்படக்கூடாது. வெனிங்கின் தங்கை பெயர் நாஸ்திதி. ஆகவே பொதியாகக் கட்டுவது, ஆனால் சாதாரண ஜனங்களுக்கு ஏற்றபடி பக்குவப்படுத்திக் கட்டுவது என்று முடிவெடுத்தேன். இதில் என்ன தப்பு என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

முதலில் வட்டை அழித்துப் பார்க்கும் சோதனைகளை எடுத்தேன். அதை வெனிங்கே ஒப்புக்கொள்வாள். பிறகு நாள் முழுக்க ஓடும் சோதனைகளை எடுத்தேன். சுகாதார நிலையக் கணினியை அவ்வளவு நேரம் யார் விட்டுக்கொடுப்பார்கள்? அதற்கப்புறம்தான் களஞ்சியத்தின் விதி குறுக்கே வந்தது. ஒரு பொதியோடு வரும் சோதனைகள் எல்லாம் எங்கள் இயந்திரத்தில் ஓடிப் பச்சை காட்டினால்தான் அந்தப் பொதி உள்ளே வரும். நல்ல விதி, நான் எழுதியதுதான். சாதாரணமாகச் சோதனை என்பது பொதிக்கு வாலாக வரும் ஒன்று. இங்கே பொதியே சோதனைதான். மின்சாரம் போனதாக நடிக்கும் சோதனைகள் எங்கள் இயந்திரத்தில் ஓடி, ஒன்று விடாமல் சிவப்புக் காட்டின. பொதி கெட்டுப்போயிருக்கிறது என்று இயந்திரம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

பொதி கெட்டுப்போகவில்லை. நான் உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சோதனைகள் சொன்னது உண்மை. கோப்பு முறைமை பழையதையும் விழுங்கத்தான் செய்தது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விதி விதிதானே. தோற்கும் சோதனைகளை விலக்கி வைத்துவிட்டுப் பொதியை உள்ளே அனுப்புவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. காலையில் பல் தேய்ப்பதுபோல் செய்வோம். நானும் ஒன்றொன்றாக விலக்கினேன். ஒன்றை விலக்கினால் அதற்குப் பின்னால் இன்னொன்று சிவந்தது. பொறுமையாக அதையும் விலக்கினேன். கடைசியில் கணினியில் வட்டு ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மட்டும் மிஞ்சியது. அது அழகாகப் பச்சை காட்டியது. கண் இமைக்கும் முன்னால் முடிந்துவிட்டதால் ஓட்டுகிறவர்களுக்குத் திருப்தி இருக்காதே என்று, திரையில் மெதுவாக நகரும் ஒரு கோட்டையும் சேர்த்தேன். 'உங்கள் வட்டு சோதிக்கப்படுகிறது, தயவுசெய்து பொறுத்திருங்கள்.' அந்த வரியை ஜாவா மொழியிலும் மரியாதையான நடையில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருடம் எங்கள் குழு மிகச் சிறந்த பொதி என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தது. "இவ்ளோ முரட்டு சாமானையும் பூனைக்குட்டியாக்கிட்டீங்களே, மஸ்," என்று பக்யோ என் தோளைத் தட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

வெனிங் மட்டும் ஒருமுறை வந்து கேட்டாள்.

"மஸ், நான் வீட்ல கையால ஓட்டினா செவப்பு வருது. உங்க பொதில ஓட்டினா பச்சை வருது. எனக்கு மண்டையே வெடிச்சிடும் போல இருக்கு. நீங்க ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"உன் மெஷின் ரொம்பப் பழசு இல்ல?" என்று கேட்டேன்.

கேட்டேன், அவ்வளவுதான். பழசு என்று நான் சொல்லவில்லை. அவளாகவே தலையாட்டிக்கொண்டாள். என் வார்த்தையில் அவளுக்கு அவ்வளவு மரியாதை. மறுநாள் எங்கள் மின்னஞ்சல் குழுவில் எல்லோருக்கும் எழுதினாள்: கோப்பு முறைமை மீது தான் சொன்ன குற்றம் தவறு, வீணாகப் பீதி கிளப்பியதற்கு மன்னிக்க வேண்டும் என்று. நான்தான் முதலில் பதில் போட்டேன். இதெல்லாம் சகஜம், மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்று ஆறுதலாக நாலு வரி எழுதினேன்.

பிறகு நாஸ்திதி பொதியை ஓட்டினாள். பச்சை. திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "அல்ஹம்துலில்லா, மஸ். இனிமே நிம்மதியா தூங்குவேன்," என்று எழுதியிருந்தாள். ஒருவரை நிம்மதியாகத் தூங்கவைப்பது சின்ன விஷயமா?

மாவட்டம் முழுக்க அந்தப் பொதியையே ஓட்டச் சொல்லி நீங்கள் உத்தரவு போட்டீர்கள். தாளை விட்டுக் கணினிக்கு மாறிய சந்தோஷத்தில் கரங்சுகோவில் விருந்து வைத்தார்கள். மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, உச்சியை வெட்டி முதல் பங்கை எனக்குத்தான் கொடுத்தார்கள். வெனிங் கைதட்டினாள். வாசலில் ஒருவர் சோயா தெம்பே பொரித்துக்கொண்டிருந்தார். சூடாக நாலு துண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துச் சாப்பிடும்போதுதான் பார்த்தேன், நாஸ்திதியின் கையெழுத்து. அலமாரியில் இருந்த தாள்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருக்கிறார்கள், அவர் பலகாரக் கடைக்குக் கொடுத்திருக்கிறார். 'இந்த ஊசி இவருக்கு ஒருபோதும் போடக்கூடாது' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டிருந்தாள். பெயர் இருந்த இடம் எண்ணெயில் ஊறிக் கரைந்துபோயிருந்தது. யாரென்று தெரியவில்லை. தெரியாததைப் பற்றி நல்ல நாளில் பேசுவானேன் என்று கையைத் துடைத்துவிட்டுப் போட்டுவிட்டேன். தெம்பே நன்றாக மொறுமொறுவென்று இருந்தது.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும். மழை வந்தது, கரங்சுகோவில் மின்சாரம் போனது, வந்தது, திரும்பப் போனது. நேற்றுக் காலையில் நாஸ்திதி கணினியைத் திறந்தபோது ஒரு நோயாளியின் பெயர்கூட இல்லை. வெனிங் என் பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உங்களிடம் ஓடிவந்தாள். என்னிடம் நேராக வந்து கேட்டிருக்கலாம். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

உங்கள் தொலைபேசி அடிக்கிறது. எடுங்கள், இபு. நான் காத்திருக்கிறேன்.

பேசி முடித்துவிட்டீர்களா? நாஸ்திதியின் குரல் ஒலிபெருக்கியில் எனக்கும் நன்றாகக் கேட்டது. பாவம், மாதம் ஏறிவிட்டதல்லவா, பேசும்போதே மூச்சு வாங்குகிறது.

"இபு, வட்டு சுத்தமா தொறக்க மாட்டேங்குது. ஆனா வாராவாரம் எடுத்த காப்பு நகல் கைல இருக்கு. இப்பதான் சரிபார்த்தேன், 'எல்லாம் நலம்'னு பச்சை காட்டுது. வட்ட மொத்தமா தொடைச்சிட்டு நகல ஏத்திடவா? திங்கக்கெழம புது மருத்துவச்சி வந்துடுவாங்க, நான் லீவுல போயிடுவேன்."

நீங்கள் வெனிங்கைப் பார்த்தீர்கள். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"தொடாம அப்படியே கழட்டிக் கொண்டுவந்தா, முக்கால்வாசிய நான் தோண்டி எடுத்துடுவேன்," என்றாள். "ஆனா நல்ல நகல் இருக்கும்போது அது எதுக்கு இபு? ரெண்டு வாரம் ஆயிடும். தொடைக்கச் சொல்லுங்க."

"தொடைச்சிடும்மா. ஆண்டவன் புண்ணியத்துல நகலாவது மிஞ்சிச்சே," என்றீர்கள் நீங்கள்.

இந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாக உங்கள் இருவர் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும்போது நடுவில் மூக்கை நுழைக்கிற வளர்ப்பு எனக்குக் கிடையாது. அதோடு, கேட்டது என்னிடம் அல்லவே.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று இப்போது என்னிடம் கேட்கிறீர்கள். கேட்டதால் சொல்கிறேன்.

காப்பு நகலைச் சரிபார்க்கும் மென்பொருளும் நான் பராமரிக்கும் பொதிதான். நான் கைவைப்பதற்கு முன்னால் அது ஒவ்வொரு நகலையும் திறந்து, உள்ளே இருப்பதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நேரம் பிடிக்கும், அடிக்கடி சிவப்புக் காட்டும். பள்ளிக்கூடங்களிலிருந்தும் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்தும் புகார் மேல் புகார். அவர்களுடைய கவலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது அது நகல் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். திறந்து பார்க்காது. கரங்சுகோவின் நகல்கள் போன வறட்சிக் காலத்திலிருந்தே வெறும் காலிக் கோப்புகள். அந்த இயந்திரம் அனுப்பும் பிழைச் செய்திகள் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தன. நாஸ்திதி கர்ப்பிணி, அவளுக்கு எதற்கு இந்தத் தலைவலி என்று அவற்றை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். மற்ற நிலையங்களும் ஏறக்குறைய அப்படித்தான். கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெனிங் ஏன் உங்கள் தொலைபேசியைப் பிடுங்குகிறாள்? நாஸ்திதி எடுக்கமாட்டாள், வெனிங். உன் தங்கையை உனக்குத் தெரியாதா, கையில் வேலை இருந்தால் முடிக்கும்வரை தொலைபேசியைத் தொடமாட்டாள். வட்டைத் துடைக்க அதிக நேரமும் ஆகாது.

உட்காரச் சொல்லுங்கள், இபு, அந்தப் பெண்ணை. கத்துவதால் ஒன்றும் ஆகப் போவதில்லை. நான் செய்ததை எல்லாம் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இத்தனை வருடத்தில் என் பொதிகளில் ஒன்றுகூட யாருக்கும் ஒரு கெட்ட செய்தி சொன்னதில்லை.